மின்னிதழ்களைப் பட்டியலில் ஏற்றுவதும் பராமரிப்பதும்: தலைப்போடு ஆண்டையும் பாருங்கள்

கல்லூரி நூலகம் ஒன்றில் இதழ்ப் பிரிவைப் புதிதாக ஏற்றுக்கொண்டவர் கேட்டிருக்கிறார்: தனியாகச் சந்தா கட்டி வாங்கும் மின்னிதழ்கள் 40. பல இதழ்களைச் சேர்த்து மொத்தமாக விற்கும் இரண்டு பேக்கேஜ்களில் வருபவை சுமார் 1,000. அலமாரியில் பழைய அச்சுத் தொகுதிகளும் உண்டு. மின்னிதழ்களை ஒவ்வொன்றாக நூற்பட்டியலில் ஏற்ற வேண்டுமா, இணையதளத்தில் அகரவரிசைப் பட்டியல் போட்டால் போதுமா? ஏற்றினால் அச்சு இதழின் பதிவிலேயே சேர்த்துவிடலாமா? அப்புறம் இதையெல்லாம் பராமரிப்பது எப்படி?

ஏற்றத்தான் வேண்டும். அச்சுப் பதிவில் சேர்க்காமல் தனிப் பதிவாக ஏற்றுங்கள். ஆனால் 1,000 பதிவுகளையும் உட்கார்ந்து கையால் தட்டாதீர்கள். இதற்கான காரணங்களுக்கு வருமுன் ஒரு விஷயத்தைப் பேசிவிடுகிறேன். அது பிடிபட்டால் மற்ற முடிவுகள் தாமாகவே வரும்.

அச்சு இதழ் வந்தால் கார்டெக்ஸ் அட்டையில் குறித்து, முத்திரை குத்தி, அலமாரியில் வைப்போம். சந்தாவை நிறுத்தினாலும் அதுவரை வந்தது நம்முடையது. மின்னிதழில் நம் கையில் இருப்பது அனுமதி மட்டுமே. இந்த இதழை, இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை, இந்தத் தளத்தில், ஒப்பந்தம் உள்ள வரைக்கும் படிக்கலாம் என்பதுதான் அது. ஆகவே தலைப்பை மட்டும் பட்டியலில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்றால் பாதிதான் முடிந்திருக்கிறது. ஓர் ஆய்வு மாணவி 1998-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைத் தேடி வருகிறார் என்று வையுங்கள். பட்டியலில் இதழின் பெயர் இருக்கிறது, லிங்க் இருக்கிறது, சொடுக்குகிறார். கட்டுரையின் சுருக்கம் வருகிறது, அதற்குக் கீழே பணம் கட்டச் சொல்லும் பெட்டி வருகிறது. நமக்கு 2003-லிருந்துதான் அனுமதி என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்னும் கொடுமை, அந்த 1998 தொகுதி பைண்டு செய்யப்பட்டு மாடியில் இருக்கிறது. அந்த மாணவி அடுத்த முறை நம் பட்டியலைத் திறக்கவே மாட்டார். இதழ்ப் பிரிவில் பல வருடங்கள் இருந்தபிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: மின்னிதழ் வேலையில் முக்கால் பங்கு, ஆண்டுக்கணக்கைச் சரியாக வைத்திருப்பது.

சரி, பதிவுக்கு வருவோம்.

மார்க் 21 என்பது நூற்பட்டியல் பதிவைக் கணினிக்காக எழுதும் வடிவம், எண்ணிட்ட கட்டங்களான புலங்களால் ஆனது. அதில் நான் முதலில் பார்ப்பது 008-ம் புலத்தின் 23-ம் இடம். இணையவழி வெளியீடு என்றால் அங்கே 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். அச்சுப் பதிவை நகல் எடுத்துத் திருத்துபவர்கள் இதை மறந்துவிடுவார்கள். மறந்தால், தேடலில் 'மின்னிதழ் மட்டும்' என்று வடிகட்டும் வாசகரின் கண்ணில் அந்தப் பதிவு படவே படாது. அடுத்தது 022-ம் புலம், அதாவது ஐஎஸ்எஸ்என் என்ற இதழின் சர்வதேச அடையாள எண். அச்சு வடிவத்துக்கு ஓர் எண், இணைய வடிவத்துக்கு வேறோர் எண் என்பதுதான் விதி. இரண்டையும் கட்டிப்போட 2007-ம் ஆண்டுத் திருத்தத்தில் ஐஎஸ்ஓ 3297 தரநிலை இணைப்பு ஐஎஸ்எஸ்என் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இணைய எண்ணை 022-ல் போடுங்கள். இணைப்பு எண்ணை அதே புலத்தின் 'எல்' துணைப்புலத்தில் போடுங்கள். அச்சு எண், அதே இதழின் வேறு வடிவத்தைச் சுட்டும் 776-ம் புலத்துக்குப் போகட்டும். அச்சு எண்ணை இணையப் பதிவின் 022-ல் எழுதிவிட்டால், பிற்பாடு மொத்தமாக இறக்குமதி செய்யும்போது மென்பொருள் இரண்டு பதிவுகளையும் ஒன்றென்று நினைத்து ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிடும்.

ஒரே இதழ் பதிப்பாளர் தளத்திலும், இன்னொரு தொகுப்புத் தளத்திலும் கிடைக்கலாம். அதற்கு இரண்டு பதிவுகள் வேண்டாம். ஆரம்பத்தில் பல நூலகங்கள் தளத்துக்கு ஒன்றாகப் பதிவு போட்டன, ஒரு தலைப்பைத் தேடினால் நான்கு வந்து நின்றன. இதழ்ப் பதிவுகளுக்காக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் கான்சர் கூட்டுத் திட்டம் 2003-ல் இதற்கு ஒரு முடிவு கட்டியது. எந்தத் தளமாக இருந்தாலும் மின்னிதழுக்கு ஒரே பதிவு, தளங்களின் முகவரிகள் அதற்குள் தனித்தனி 856-ம் புலங்களாக இருக்கட்டும் என்பதே அந்த முடிவு. இன்றைக்கும் அதுதான் நடைமுறை. 856-ல் முகவரி மட்டும் போதாது. '3' துணைப்புலத்தில் அந்தத் தளத்தில் கிடைக்கும் ஆண்டுகளை எழுதலாம். ஆனால் ஆண்டுகள் மாறிக்கொண்டே இருப்பவை. 40 இதழ்களுக்கு அங்கே எழுதிப் பராமரிக்கலாம். பேக்கேஜில் வரும் 1,000-க்கு எழுதினால் ஆறே மாதத்தில் பொய்யாகிவிடும். அவற்றின் ஆண்டுக்கணக்கு வேறோர் இடத்தில் இருக்கட்டும், பட்டியல் அதை எடுத்துக் காட்டட்டும். அந்த இடம் எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அச்சும் மின்னும் ஒரே பதிவிலா, தனித்தனியா என்பதில் அறிஞர்களே இரண்டு கட்சி. ஒரே பதிவாக இருந்தால் வாசகருக்கு வசதி. மாடியில் உள்ள தொகுதியும் லிங்க்கும் ஒரே திரையில் தெரியும். கான்சர் விதிகளும் இதை ஒரு காலத்தில் தாராளமாக அனுமதித்தன. ஆனால் உங்களிடம் பேக்கேஜ் இருக்கிறது. பேக்கேஜ் இதழ்கள் வரும், போகும். போகும்போது மின்பதிவுகளை மொத்தமாக நீக்க வேண்டும். அவை அச்சுப் பதிவுகளோடு பின்னிக் கிடந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பிரித்தெடுக்க வேண்டிவரும். தனித்தனியாக வைத்து 776-ம் புலத்தால் இரண்டையும் கோத்துவிட்டால் வாசகருக்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி கிடைக்கும். அதனால்தான் தனிப் பதிவு என்றேன்.

பொருள் தலைப்புகள் இரண்டு மூன்று போதும். வகைப்பாட்டு எண் அலமாரிக்குத் தேவையில்லை என்றாலும் போட்டு வையுங்கள், துறைவாரியாக இதழ்களைப் பிரித்துக் காட்ட உதவும்.

இனி எல்லாரும் சறுக்கும் இடம், தலைப்பு மாற்றம். நம் துறை இதழ் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1950-ல் 'அமெரிக்கன் டாக்குமென்டேஷன்' என்ற பெயரில் முதல் தொகுதி வந்தது. 1970-ல், 21-ம் தொகுதியிலிருந்து, அது 'ஜர்னல் ஆஃப் தி அமெரிக்கன் சொசைட்டி ஃபார் இன்ஃபர்மேஷன் சயின்ஸ்' ஆனது. 2001-ல், 52-ம் தொகுதியில், கடைசியில் 'அண்ட் டெக்னாலஜி' ஒட்டிக்கொண்டது. 2014-ல், 65-ம் தொகுதியிலிருந்து, 'ஜர்னல் ஆஃப் தி அசோசியேஷன் ஃபார் இன்ஃபர்மேஷன் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி'. தொகுதி எண் மட்டும் அறுபடாமல் ஓடுகிறது, பெயர் நான்கு. நான்குக்கும் தனித்தனி ஐஎஸ்எஸ்என், தனித்தனிப் பதிவு. முந்தைய பெயரை 780-ம் புலத்திலும், அடுத்து வந்த பெயரை 785-ம் புலத்திலும் காட்டிச் சங்கிலியாகக் கோக்க வேண்டும்.

எந்த மாற்றம் புதுப் பதிவு கேட்கும்? முன்னால் வரும் 'தி', 'ஏ' போன்ற சுட்டுச்சொல்லை விட்டுவிட்டு முதல் ஐந்து சொற்களை எண்ணுங்கள். அதற்குள் சொல் கூடினாலோ குறைந்தாலோ இடம் மாறினாலோ பெரும்பாலும் அது பெரிய மாற்றம். எழுத்துக்கூட்டல் திருத்தம், முழுப் பெயருக்குப் பதில் சுருக்கப்பெயர் போன்றவை சிறியவை. அவற்றுக்குப் பழைய பதிவிலேயே 246-ம் புலத்தில் ஒரு குறிப்புப் போதும். மேலே சொன்ன 2001 மாற்றத்தைக் கவனியுங்கள். புதுச்சொற்கள் வந்தது ஐந்தாம் சொல்லுக்கு வெகு பின்னால். ஆனால் இதழை வெளியிடும் சங்கத்தின் பெயரே மாறி, அந்தப் பெயர் தலைப்புக்குள் இருப்பதால் அது பெரிய மாற்றம்தான். விதியை எண்ணிக்கையாக மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

இதில் மின்னிதழுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பல பதிப்பாளர் தளங்கள், இதழின் இன்றைய பெயருக்குக் கீழேயே பழைய தொகுதிகள் எல்லாவற்றையும் அடுக்கிவிடுகின்றன. 1975-ம் ஆண்டுக் கட்டுரையும் இன்றைய அட்டைப்படத்தோடு, இன்றைய பெயரோடு வந்து நிற்கும். மேற்கோளில் பழைய பெயரைப் பார்த்துத் தேடும் வாசகருக்கு அது அகப்படாது. 2013-ல் நிசோ என்ற அமெரிக்கத் தகவல் தரநிலை அமைப்பு பை-ஜே என்ற பரிந்துரையை வெளியிட்டது இதற்காகத்தான்: கட்டுரை வெளியானபோது இருந்த பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் தளத்தில் காட்டுங்கள் என்று அது பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. எல்லாரும் கேட்கவில்லை. ஆகவே தளம் எதையாவது காட்டிவிட்டுப் போகட்டும், நீங்கள் நான்கு பதிவுகளையும் வைத்திருங்கள், நான்கிலும் அதே முகவரியைக் கொடுங்கள். பழைய பெயரில் தேடி வருபவர் வழி தவறாமல் இருப்பார்.

பேக்கேஜ் பதிவுகளுக்கு வருகிறேன். 1,000 பதிவுகளையும் தருபவர்களிடமிருந்தே மார்க் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். பலர் தருவார்கள். வாங்கியதை அப்படியே ஏற்றாதீர்கள். மார்க் பதிவுகளைத் திருத்தும் மார்க்எடிட் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் திறந்து, 9-ல் தொடங்கும் உள்ளூர்ப் புலம் ஒன்றில் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே பேக்கேஜ் குறியீட்டைப் போடுங்கள். இந்த ஒரு காரியத்தைத் தவறவிடாதீர்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பேக்கேஜ் போகும்போது குறியீட்டைத் தேடி ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். குறியீடு இல்லாமல் ஏற்றிய பட்டியல்களில், செத்துப்போன லிங்க்குகள் பத்து வருடமாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் 20 பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். கோஹா நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஏற்றிய தொகுப்பைத் திரும்பப் பெறும் வசதி அதிலேயே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

உங்கள் கைநேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால், வேறு யாரும் பதிவு செய்யாத இதழ்களில் என்பேன். உங்கள் கல்லூரியே வெளியிடும் ஆய்விதழ், சிறு சங்கங்கள் இலவசமாக இணையத்தில் போடும் இதழ், பெரிய மொழிகளில் இல்லாத இதழ் இவற்றை எந்த வணிகக் கோப்பும் கொண்டுவந்து தராது. நீங்கள் பதிவு போடாவிட்டால் அவை பட்டியல் உலகில் இல்லை. பெரிய பதிப்பாளர்களின் இதழை ஆயிரம் நூலகங்கள் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டன.

இனி ஆண்டுக்கணக்கு எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. ஒரே ஓர் இடத்தில். எது என்பது உங்கள் வசதி: வாசகரை நமக்கு அனுமதி உள்ள தளத்துக்கு அழைத்துச் செல்லும் இணைப்புத் தீர்வி மென்பொருளின் அறிவுத்தளமாக இருக்கலாம், அதற்கு வழியில்லை என்றால் ஒழுங்கான ஒரே அட்டவணையாக இருக்கலாம். அகரவரிசைப் பட்டியலும் நூற்பட்டியலும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே தகவலை மூன்று இடத்தில் எழுதினால் மூன்றும் ஒரு நாள் வேறு வேறாகிவிடும், எது உண்மை என்று எழுதியவருக்கே தெரியாது. அகரவரிசைப் பட்டியல் போதுமா என்று கேட்டீர்கள். பட்டியல் நல்லதுதான், வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது பழைய பெயர்களைக் காட்டாது, அச்சுத் தொகுதிக்கு வழி சொல்லாது. நூற்பட்டியலுக்குத் துணையாக அதை வையுங்கள், மாற்றாக அல்ல.

அந்த அட்டவணைக்குப் புதிதாக வடிவம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிசோவும், யூகேஎஸ்ஜி என்ற பிரிட்டன் இதழ்த்துறை அமைப்பும் சேர்ந்து 2010-ல் கேபார்ட் என்ற பரிந்துரையை வெளியிட்டு, 2014-ல் விரிவாக்கின. பதிப்பாளர்கள் தங்கள் இதழ்ப் பட்டியலை இந்த வடிவில் தருகிறார்கள். ஓர் இதழுக்கு ஒரு வரி. மேலே சொன்ன இதழின் மூன்றாம் பெயரை எடுத்தால் வரி இப்படிப் போகும்: தலைப்பு, அச்சு எண் 1532-2882, இணைய எண், தொடக்கம் 2001, தொகுதி 52, இதழ் 1, முடிவு 2013, தொகுதி 64, இதழ் 12, முகவரி, தடைக்காலம், உள்ளடக்க ஆழம். முடிவு ஆண்டு காலியாக இருந்தால் இன்றுவரை வருகிறது என்று பொருள். உள்ளடக்க ஆழம் என்பதைக் கவனமாகப் படியுங்கள். முழு உரையா, தேர்ந்தெடுத்த கட்டுரைகளா, வெறும் சுருக்கமா என்று அங்கேதான் தெரியும். சுருக்கம் மட்டும் வருவதை 'எங்களிடம் இருக்கிறது' என்று பட்டியலில் காட்டுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

இந்தக் கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். கோடு இல்லாமல் எண்கள் எழுதப்பட்டிருந்தால் எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். இதே இதழின் இரண்டாம் பெயருக்கு அச்சு எண் 0002-8231. கோடில்லாமல் 00028231 என்று இருந்தால் திரையில் 28231 என்று வரும். சேமித்தீர்கள் என்றால் அது எந்தப் பதிவோடும் பொருந்தாது. தரவு இறக்குமதி வழியாகப் போய், அந்த நெடுவரிசையை 'உரை' என்று சொல்லித் திறக்க வேண்டும்.

எண் சரியா என்று சந்தேகம் வந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். முதல் ஏழு இலக்கங்களை 8, 7, 6, 5, 4, 3, 2 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டுங்கள். 0002-823 என்பதற்கு 10, 32, 6, 6 சேர்ந்து 54. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 10. 11-லிருந்து 10-ஐக் கழித்தால் 1. கடைசி இலக்கம் அதுதான். கழித்து வருவது 10 என்றால் 'எக்ஸ்' என்று எழுதுவார்கள். மீதியே இல்லை என்றால் 0. ஓர் இலக்கம் தவறிப்போனாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

தடைக்காலம் என்பது சில ஆண்டுகளைத் தளம் நமக்கு மூடி வைப்பது. அதன் குறியில் எழுத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். 'பி1ஒய்' (P1Y) என்றால் கடைசி ஓராண்டு கிடைக்காது, அதற்கு முந்தையது கிடைக்கும். 'ஆர்1ஒய்' என்றால் கடைசி ஓராண்டு மட்டுமே கிடைக்கும். ஓர் எழுத்து மாறினால் அர்த்தம் தலைகீழ். ஜேஸ்டோர் இதழ்த் தொகுப்பின் 'நகரும் சுவர்' இதில் முதல் வகைதான், பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகள்.

இதை நான் பாடமாகப் படித்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த நூலகத்தில் ஒரு முறை பட்ஜெட் குறைந்தது. முக்கியமான இதழ் ஒன்றின் அச்சுச் சந்தா கனமாக இருந்தது. அதே இதழ் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த தொகுப்புத் தளத்திலும் முழு உரையோடு இருந்தது. தலைப்பைப் பார்த்தேன், லிங்க்கைத் திறந்தேன், நன்றாக வந்தது. அச்சை நிறுத்தப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு பேராசிரியர் அந்த ஆண்டு இதழ்களைக் கேட்டு வந்தார். தளத்தில் ஓராண்டுத் தடைக்காலம். நான் சோதித்தபோது திறந்த கட்டுரை இரண்டு வருடம் பழையது. அவருடைய மாணவர் ஒருவர் ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தார். வேறு நூலகங்களுக்கு எழுதி ஒவ்வொரு கட்டுரையாக வரவழைத்துக் கொடுத்தோம். இடையில் அச்சு நின்றுபோன இதழ்களைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு நான் ஓர் இதழைச் சோதித்தால் மூன்று கட்டுரைகளைத் திறக்காமல் விடுவதில்லை: அனுமதி இருக்கும் முதல் ஆண்டில் ஒன்று, நடுவில் ஒன்று, போன மாதம் வந்தது ஒன்று. மூன்றிலும் பிடிஎஃப் கோப்பு கடைசிப் பக்கம் வரை வருகிறதா என்று பார்ப்பேன்.

இயந்திரச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். லிங்க் சோதிக்கும் மென்பொருள், பக்கம் திறந்து 200 என்ற குறி வந்தால் 'நலம்' என்று எழுதிவிடும். பணம் கட்டச் சொல்லும் பக்கமும் 200 என்றுதான் பதில் சொல்லும். முகவரி செத்துவிட்டதா என்று அறிய மென்பொருள் உதவும். அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும்.

வாசகர் 'திறக்கவில்லை' என்று சொல்லும்போது எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வளாகத்துக்குள் திறந்து, வீட்டில் திறக்கவில்லையென்றால் பெரும்பாலும் புராக்ஸி, அதாவது வெளியே இருக்கும் வாசகரை வளாகத்துக்குள் இருப்பவராகத் தளத்துக்குக் காட்டும் இடைக்கணினி. பதிப்பாளர் தளத்தின் டொமைன் பெயரை மாற்றியிருப்பார், புதுப் பெயர் புராக்ஸி அமைப்பில் சேர்க்கப்பட்டிருக்காது. இரண்டு இடத்திலும் திறக்கவில்லையென்றால் சந்தா புதுப்பித்தது பதிப்பாளர் பக்கம் பதிவாகவில்லை, அல்லது உங்கள் ஐபி எண்கள் மாறியிருக்கின்றன. சில ஆண்டுகள் மட்டும் திறக்கவில்லையென்றால் நம் ஆண்டுக்கணக்கு தவறு. ஆகவே வாசகரிடம் 'எங்கிருந்து பார்க்கிறீர்கள், எந்த ஆண்டுக் கட்டுரை' என்ற இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். இன்னொன்று, புராக்ஸி முன்னொட்டைப் பதிவுகளுக்குள் எழுதாதீர்கள். வெறும் முகவரியை மட்டும் வைத்து, திரையில் காட்டும்போது மென்பொருள் சேர்க்கும்படி செய்யுங்கள். புராக்ஸி மாறும் நாளில் 1,000 பதிவுகளைத் திருத்தும் வேலை மிச்சமாகும்.

ஒப்பந்தத்தைப் பற்றி. அதை அலுவலகப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மறந்துவிடுவது நம் பழக்கம். இதழ்ப் பிரிவில் இருப்பவர் அதை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். வெளியிலிருந்து நேரில் வரும் வாசகர் பார்க்கலாமா? மற்ற நூலகத்துக்குக் கட்டுரை அனுப்பலாமா? எல்லாவற்றிலும் முக்கியம், சந்தாவை நிறுத்தினால் பணம் கட்டிய ஆண்டுகள் நம்மிடம் தங்குமா? தங்கும் என்றால் எங்கே, எந்தத் தளத்தில், அதற்குத் தனிக் கட்டணமா? இந்தப் பதில்களை அட்டவணையிலேயே தனி நெடுவரிசைகளாகப் போடுங்கள். பணம் கட்டிய ரசீதுகளையும் ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து 'நீங்கள் அந்த ஆண்டு சந்தாதாரர் இல்லை' என்று அவர்கள் சொன்னால், உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். இதழ் ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது இது அடிக்கடி நடக்கும். கைமாறும் இதழின் சந்தாதாரர் பட்டியலையும் பழைய அனுமதிகளையும் ஒழுங்காக ஒப்படைக்க டிரான்ஸ்ஃபர் என்ற நடைமுறை விதி இருக்கிறது. ஏற்றுக்கொண்ட பதிப்பாளர்கள் அதைப் பின்பற்றுவார்கள், எல்லாரும் ஏற்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில்தான் இந்த மாற்றங்கள் குவியும். ஜனவரியை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

பதிப்பாளரே இல்லாமல் போனால்? லாக்ஸ், கிளாக்ஸ், போர்டிகோ ஆகியவை அதற்காகவே இதழ்களைச் சேமித்து வைக்கின்றன. எந்த இதழின் எந்தத் தொகுதிகள் யாரிடம் பத்திரமாக இருக்கின்றன என்பதை ஐஎஸ்எஸ்என் சர்வதேச மையம் நடத்தும் கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரியில் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அச்சை எடைக்குப் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தால், முதலில் அங்கே பாருங்கள். அங்கே பெயர் இல்லாத இதழின் அச்சுத் தொகுதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

புதுப்பிக்கும் காலத்தில் பயன்பாட்டுக் கணக்கு கேட்பார்கள். இணையவழிப் பயன்பாட்டை எண்ணும் கவுண்டர் தரநிலைப்படி வரும் அறிக்கையை மட்டும் எடுங்கள். ஐந்தாம் பதிப்பு 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 30 நொடிக்குள் அதே கட்டுரையை மறுபடி சொடுக்கினால் ஒன்றாகவே எண்ணும். ஒரே அமர்வில் ஒருவர் ஒரு கட்டுரையை வலைப்பக்கமாகவும் பிடிஎஃப்பாகவும் திறந்தாலும் தனித்த பயன்பாடு என்ற கணக்கில் ஒன்றுதான். தளங்களை ஒப்பிட இந்தத் தனித்த கணக்கே நியாயமானது. வெளியான ஆண்டுவாரியாகப் பிரித்த அறிக்கையும் உண்டு, அதைத் தவறாமல் பாருங்கள். வாசகர்கள் பெரும்பாலும் பழைய ஆண்டுகளையே படிக்கிறார்கள், அந்த ஆண்டுகளுக்கு நிரந்தர அனுமதியும் இருக்கிறது என்றால், சந்தாவை நிறுத்துவது பற்றிப் பேசலாம். அனுமதி மறுக்கப்பட்ட முயற்சிகளின் அறிக்கையும் இருக்கிறது. நம்மிடம் இல்லாத எந்த இதழுக்காக வாசகர்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்று அது சொல்லும். ஆனால் குறைந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓர் இதழை வெட்டாதீர்கள். சிறிய துறையில் மூன்று பேர்தான் ஆய்வு செய்வார்கள், அவர்களுக்கு அந்த ஓர் இதழ்தான் இருக்கும்.

யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களையும் பட்டியலில் சேருங்கள், ஆனால் அள்ளிக் கொட்டாதீர்கள். 2003-ல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டோஜ் என்ற திறந்த அணுக்க இதழ் அடைவில் உள்ளவற்றிலிருந்து உங்கள் துறைகளுக்கு வேண்டியதை ஆசிரியர்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். அவற்றுக்கு ஒப்பந்தம் இல்லை, ஆனால் முகவரி மாறும், இதழ் நின்றுபோகும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை இவற்றையும் சோதிக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று திகைத்தால், முதல் மாதம் அந்த 40 இதழ்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ரசீது, ஒப்பந்தம், தளம் மூன்றையும் பக்கத்தில் வைத்து, மூன்று கட்டுரைகளைத் திறந்து, ஆண்டுகளை எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இதழ் என்றால் 20 வேலை நாளில் முடிந்துவிடும். அது முடிந்ததும் பேக்கேஜ் கோப்பைக் கேட்டு எழுதுங்கள். அதற்கிடையில் பட்டியலின் ஒவ்வொரு மின்னிதழ்ப் பக்கத்திலும் 'கட்டுரை திறக்கவில்லையா? எங்களிடம் சொல்லுங்கள்' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதில் வரும் செய்தி பொதுப் பெட்டிக்குப் போய்க் கிடக்காமல் நேராக உங்களுக்கு வரட்டும், அன்றைக்கே பதில் எழுதுங்கள்.